வழுக்கும் சக்கரத்துக்கே எல்லாம்

“நான்தான் பண்ணேன். இதுல விசாரிக்க என்ன இருக்கு?”

மெக்கானிக் இதை முதலில் வொர்க்‌ஷாப் வாசலில் சொன்னான். பிறகு ஷெட் கதவைத் திறக்கும்போது சொன்னான். இப்போது தார்ப்பாயை விலக்கிக்கொண்டே மறுபடியும் சொன்னான்.

“அண்ணி, இவர் ஒத்துக்கிற வேகத்தைப் பார்த்தா நமக்கு இங்க வேலையே இல்ல போல,” என்றான் குண்டூசி. “வண்டியத் திருப்பட்டுமா?”

“வாயத் திருப்பு, போதும்,” என்றாள் டீச்சர்.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள் அவள். வேலையை விட்டுவிட்டு, விபத்துகளைத் துருவி இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு உண்மை சொல்லும் தொழிலுக்கு வந்த பிறகும் ‘டீச்சர்’ என்ற பெயர் மட்டும் அவளை விடவில்லை. குண்டூசி அவள் கணவரின் தம்பி. ஒல்லி உடம்பு, குத்தும் பேச்சு. கார் ஓட்டுவது, டார்ச் பிடிப்பது, கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்பது ஆகிய மூன்றும் அவன் இலாகா.

தார்ப்பாய்க்கு அடியில் மூன்று ஏ.டி.வி.க்கள் நின்றன. மோட்டார் சைக்கிள் போலவே இருபக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். ஹேண்டிலும் அதே மாதிரிதான். ஆனால் சக்கரம் நான்கு, ஒவ்வொன்றிலும் தலையணை போல் உப்பிய டயர். வெள்ள மீட்புக் குழு ஒன்று இவற்றில் ஒரு ரகத்தை வாங்க இருந்தது. எது சேற்றில் நன்றாக ஓடும் என்று ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு இந்த வொர்க்‌ஷாப்புக்கு வந்தது. மூன்றுக்கும் ஒரே சேற்றுக்குழி, ஒரே ரைடர், ஒரே ரக டயர். டயர்களில் காற்றையும் ஒரே அளவுக்குக் குறைத்து வைத்தார்கள். காற்று குறைந்தால் டயர் அகலமாகப் படர்ந்து உட்காரும். சேற்றில் அமிழாமல் மேலேயே போகும்.

சிவப்பு வண்டிக்கு எடை குறைவு. ஆனால் வயிறு தாழ்வாக இருந்ததால், நடுக்குழியில் கல்மேல் ஏறிய ஆமை போல உட்கார்ந்துகொண்டது. பச்சை, குழியைக் கடந்துவிட்டது. ஆனால் இஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, பெல்ட் வழுக்கி, இஞ்சின் அலறியதே தவிர வண்டி கரையேறவில்லை. ஜெயிக்கப்போவது மஞ்சள்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த மஞ்சள் வண்டிதான் கரையேறும்போது பக்கவாட்டில் புரண்டு ரைடரின் இடுப்பெலும்பை உடைத்தது.

ரைடர், இந்த மெக்கானிக்கின் கூடப்பிறந்த அண்ணன். அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. பழையபடி நடப்பாரா என்று மட்டும் டாக்டர்களால் இன்னும் சொல்ல முடியவில்லை.

“என்ன பண்ணீங்கன்னு வரிசையாச் சொல்லுங்க,” என்றாள் டீச்சர்.

“முன் சக்கரத்துக்கு சக்தி போகணும்னா ஒரு ஒயர் இருக்கு. செக் பண்ணக் கழட்டினேன். மாட்ட மறந்துட்டேன். முன் சக்கரம் இழுக்கல. பின் சக்கரம் மட்டும் தள்ளி, வண்டி திரும்பிக் கவுந்திருச்சு. அவ்வளவுதான். சாயங்காலம் நானே ஸ்டேஷனுக்குப் போறேன். முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்.”

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

“அண்ணி என் பெட்டியத் தூக்கி வாசல்ல வெச்சுட்டாங்க.” அவன் குரலில் வருத்தம் இல்லை. கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது என்பது போல் சொன்னான்.

டீச்சர் குனிந்தாள். விபத்து நடந்த அன்றே இன்சூரன்ஸ் கம்பெனி ‘கழுவாதே’ என்று சொல்லிவிட்டதால் வண்டிமேல் சேறு அப்படியே காய்ந்து கிடந்தது. மற்றவர்களுக்கு அது அழுக்கு. டீச்சருக்கு அது எழுதி முடித்த பரீட்சைத் தாள்.

“குண்டூசி, டயரைச் சுத்திப் பட்டன் பட்டனா மேடு இருக்கு பாரு. நாலு டயரையும் பார்த்து, எதுல அந்த மேட்டுக்கு நடுவுல சேறு அடைச்சிருக்குன்னு சொல்லு.”

குண்டூசி டார்ச்சோடு ஒரு சுற்று வந்தான். “பின்னாடி ரெண்டும் சுத்தம். முன்னாடி வலது சுத்தம். முன்னாடி இடது மட்டும் களிமண் உருண்டை மாதிரி மொத்தமா அடைச்சுக் கிடக்கு. பட்டனே தெரியல.”

“சக்கரம் ஒரே இடத்துல வேகமாச் சுத்தினா சேறு என்ன ஆகும்?”

“தெறிக்கும். என் வெள்ளைச் சட்டையக் கேளுங்க, சொல்லும்.”

“தெறிச்சா டயர் தானாச் சுத்தமாயிடும். சும்மா உருண்டுகிட்டு வந்தா சேறு ஒட்டி அடைச்சுக்கும்.” டீச்சர் மெக்கானிக்கைப் பார்த்தாள். “உங்க ஒயர் மாட்டலைன்னா முன் சக்கரம் ரெண்டுமே உருண்டுதான் வந்திருக்கணும். ரெண்டும் அடைச்சிருக்கணும். வலது எப்படிச் சுத்தமாச்சு?”

மெக்கானிக் வலது டயரைக் கையால் தடவிப் பார்த்தான்.

“கவுந்ததுக்கு அப்புறம் சுத்தியிருக்கலாமே அண்ணி?” என்றான் குண்டூசி.

“நல்ல கேள்வி. ஆனா இந்த வண்டி சாய்ஞ்சா இஞ்சின் தானா நின்னுடும். அதுக்குன்னே ஒரு சென்சார் இருக்கு. ஆக, கவுறதுக்கு முன்னாடியே வலது சக்கரம் வேகமாச் சுத்தியிருக்கு. முன்னாடி சக்தி வந்திருக்கு. இவர் ஒயர் சரியாத்தான் இருந்திருக்கு.”

“அப்ப இடது மட்டும் ஏன் சும்மா இருந்துச்சு?”

டீச்சரின் முகம் மலர்ந்தது. அவளுக்குப் பிடித்த பாடம் வந்துவிட்டது.

“ரெண்டு முன் சக்கரத்துக்கும் நடுவுல டிஃபரன்ஷியல்னு ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கு. இஞ்சின்லேர்ந்து வர்ற சுழற்சியை ரெண்டுக்கும் பிரிச்சுக் குடுக்கும். வளைவுல திரும்புறப்ப வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள் சக்கரம் குறைச்சு ஓடணும். அதுக்காகத்தான் இந்தப் பங்கீடு. ஆனா இதுக்கு ஒரு கெட்ட குணம். எந்தச் சக்கரம் எதிர்ப்பே காட்டாம வழுக்குதோ, சுழற்சி முழுசையும் அதுக்கே குடுத்துடும். கெட்டித் தரையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற சக்கரம் சும்மா கிடக்கும்.”

“நல்லாப் படிக்கிறவன விட்டுட்டு ஊர் சுத்துறவனுக்குப் பாக்கெட் மணி குடுக்கிற அம்மா. எங்கம்மாதான். எனக்குத்தான் கிடைச்சுது.”

“அந்தக் கெட்ட குணத்தை அடக்கத்தான் மஞ்சள் வண்டியில ஒரு லாக் இருக்கு. ஸ்விட்சத் தட்டினா முன் சக்கரம் ரெண்டும் ஒரே கம்பியில கோத்த மாதிரி சேர்ந்து சுத்தும். ஒண்ணு வழுக்கினாலும் இன்னொண்ணு இழுக்கும். சிவப்புலயும் பச்சையிலயும் இது கிடையாது. மஞ்சள் ஜெயிக்கும்னு எல்லாரும் சொன்னதே இதுக்காகத்தான். ஆனா இந்த டயர் என்ன சொல்லுது? லாக் விழவே இல்லைன்னு சொல்லுது.”

அவள் வண்டியின் முன்பக்க மூடியைக் கழற்றினாள். உள்ளே, லாக்குக்குப் போகும் ஒயரின் சாக்கெட் ஒழுங்காக மாட்டியிருந்தது. டீச்சர் அதை அழுத்திப் பிரித்தாள். இரண்டு பாதிகளின் வாய்க்குள்ளும் காய்ந்த சேறு.

“மூடியிருந்த வாய்க்குள்ள சேறு எப்படிப் போச்சு?” என்றாள்.

குண்டூசி விசிலடித்தான். “குழியில இறங்கினப்ப இது கழண்டு கிடந்திருக்கு. அப்புறம் யாரோ மாட்டியிருக்காங்க.”

“அதுவும் நான்தான்!” மெக்கானிக் அவசரமாகச் சொன்னான். “கழட்டினதும் நான்தான், மாட்டினதும் நான்தான்.”

“அண்ணி, இவர் ஹோட்டல் சர்வர் மாதிரி. எதக் கேட்டாலும் ‘இருக்கு’ங்கிறார்.”

டீச்சர் சிரிக்கவில்லை. “மாட்டினது நீங்கதான். அதை நம்புறேன். அண்ணனைத் தூக்கிக் கரையில போட்டுட்டு, என்ன ஆச்சுன்னு மூடியத் திறந்து பார்த்திருப்பீங்க. சரி, கழட்டினதும் நீங்கன்னா இதச் சொல்லுங்க. சேத்துல இறங்கப் போற வண்டியில ஒரு சாக்கெட்டக் கழட்டி விட்டா, திறந்து கிடக்கிற வாய என்ன பண்ணுவீங்க?”

“டேப் சுத்துவேன்,” என்றான் அவன். பழக்கதோஷத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் கண்ணை மூடிக்கொண்டான்.

“சுத்தியிருந்தா உள்ள சேறு போயிருக்காது. கழட்டினவங்க மெக்கானிக் இல்ல. எது லாக் சாக்கெட்னு மட்டும் தெரிஞ்சவங்க.”

மெக்கானிக் டயரின் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான்.

“விட்டுடுங்க மேடம். சேத்துல விழுந்தது எங்கண்ணன். போற ஜெயில் என்னோடது. உங்களுக்கு இதுல என்ன குறைஞ்சு போகுது? குத்தம் என்னோடதுதான், சத்தியமா. நீங்க நினைக்கிற மாதிரி இல்ல, ஆனா என்னோடதுதான்.”

எழுந்து, தார்ப்பாயை இழுத்து மறுபடி வண்டிமேல் போர்த்தினான்.

காரில் குண்டூசி வழக்கத்துக்கு மாறாக மெதுவாக ஓட்டினான்.

“இந்தக் கேஸ் தலைகீழா இருக்கு அண்ணி. ஊருலகத்துல செஞ்சவன் இல்லைம்பான். இங்க செய்யாதவன் ஆமாங்கிறான்.”

“ஒருத்தன் செய்யாத தப்ப எதுக்கு ஏத்துக்குவான்?”

“யாரையோ காப்பாத்த.”

“நீயா இருந்தா யாருக்காக ஏத்துக்குவே?”

“எங்கண்ணனுக்காக மாட்டேன். சின்ன வயசுல சைக்கிள் தரல அவன்.”

“எனக்காக?”

குண்டூசி கியரை மாற்றினான். சிக்னலைப் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்தான். “அது நீங்க என்ன பண்ணீங்கங்கிறதப் பொறுத்து,” என்று இழுத்தவன், சட்டென்று பிரேக்கை மிதித்தான். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

“அண்ணி... அவரோட அண்ணியா? பெட்டியத் தூக்கி வாசல்ல வெச்சவங்களா?”

“பச்சை விழுந்துடுச்சு. வண்டிய எடு,” என்றாள் டீச்சர்.

மருத்துவமனையின் இரண்டாவது மாடி. ரைடரின் அறையிலிருந்து தள்ளி, நடைபாதையில் அவர் மனைவி நின்றிருந்தாள். வண்டிகளை ஒப்பிட்டுப் பார்த்த அதே வொர்க்‌ஷாப்பில், ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் அவளுக்கு வேலை. சரியாகத் தூங்காத கண்கள்.

“நீங்கதான் இன்சூரன்ஸ்லேர்ந்து வந்தவங்களா? எல்லாத்தையும் அவன்தான் சொல்லிட்டானே! கூடப்பிறந்தவன் வண்டியிலயே ஒயர மாட்ட மறந்தவன் மனுஷனா? இனிமே எங்க வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது. செத்தாலும் கூடாது!”

நடைபாதையின் கோடியில், படிக்கட்டில் யாரோ வந்து உட்கார்வது தெரிந்தது. மெக்கானிக்தான். பைக்கில் பின்னாலேயே வந்திருக்கிறான். அவனைப் பார்த்ததும் அவள் குரல் இன்னும் உயர்ந்தது. அவன் தலையைக் குனிந்தான்.

“உள்ள போய்ப் பேசலாமா?” என்றாள் டீச்சர்.

ரைடர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். இடுப்புக்குக் கீழே அசைக்கக் கூடாது. ஆனால் வண்டிகளைப் பற்றிக் கேட்டதும் கண்ணில் வெளிச்சம் வந்தது. சிவப்புக்கு அடிப்பாகத்தை உயர்த்தினால் போதும் என்றார். பச்சையின் பெல்ட் பெட்டிக்குக் காற்று போகும் குழாயை ஹேண்டில் உயரத்துக்குத் தூக்கிவிட்டால் தண்ணீர் புகாது என்றார். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

“மஞ்சள் எப்படி?” என்றான் குண்டூசி.

கை நின்றது. “சேத்துக்கு அதுதான் ராஜா. லாக் போட்டா எங்கேயும் நிக்காது. ஓட்டுறவனத்தான் கொன்னுடும். வளைவுல ரெண்டு சக்கரமும் ஒரே தூரம்தான் ஓடுவேன்னு அடம் புடிக்கும். ஹேண்டில் இரும்பு மாதிரி ஆயிடும். ஒரு நாள் ஓட்டினா அன்னைக்கு ராத்திரி சோத்துக் கரண்டிகூடத் தூக்க முடியாது.”

டீச்சர் அவருடைய வலது மணிக்கட்டைப் பார்த்தாள். வெயிலில் கறுத்த கையில் அங்கே மட்டும் வெளிறிய ஒரு வளையம். நாள்பட நாள்பட, கட்டிக் கட்டி விழுந்த தடம்.

“வலிக்கு மணிக்கட்டுல பட்டை கட்டுவீங்களா?”

“இவதான் கட்டிவிடுவா. டெஸ்ட் இருக்கிற நாளெல்லாம். நான் கட்டினா தளர்ந்துடும்.”

“அன்னைக்கும் கட்டினாங்களா?”

ரைடர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டிலின் காலடியில் துண்டை மடித்துக்கொண்டிருந்த மனைவி, “மறந்துட்டேன்,” என்றாள். கேள்வி அவளிடம் கேட்கப்படவே இல்லை.

“இதுக்கு முன்னாடி என்னைக்காவது மறந்திருக்கீங்களா?”

துண்டு மடிந்தது, பிரிந்தது, மறுபடி மடிந்தது.

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். வகுப்பில் விடை தெரிந்தும் எழுந்திருக்கத் தயங்கும் பிள்ளையிடம் பேசுகிற குரல் அது. “கை வலிக்காதுன்னு தெரிஞ்சாத்தான் பட்டை வேணாம்னு தோணும். இல்லையாம்மா?”

மனைவி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இவர் கை வீங்கி வீங்கி வரும்,” என்றாள். “ராத்திரி தூக்கத்துல முனகுவார். முதலாளிகிட்ட சொல்லுங்கன்னா, சொன்னா வேற ரைடரப் போட்டுடுவாங்கம்பார். அந்த லாக் இல்லாம ஓட்ட முடியாதான்னு ஒருநாள் இவர் தம்பியக் கேட்டேன். மத்த ரெண்டு வண்டியிலயும் அது இல்லையே, ஓடலையான்னு கேட்டேன். அவன் விளையாட்டா மூடியத் திறந்து, ‘இந்தச் சாக்கெட்ட உருவினா லாக் காலி அண்ணி’ன்னு காட்டினான். அன்னைக்குக் காலையில வண்டியெல்லாம் வரிசையா நின்னுச்சு. யாரும் இல்ல. மத்த ரெண்டும் லாக் இல்லாமத்தான போகுது, இதுவும் போகட்டும், கை ஒருநாள் வீங்காம இருக்கட்டும்னு...”

குண்டூசி நாற்காலியை அவள் பின்னால் நகர்த்தி வைத்தான். அவள் உட்காரவில்லை.

“லாக் இல்லாத வண்டிய லாக் இல்லாத வண்டி மாதிரி ஓட்டணும்,” என்றாள் டீச்சர் மெல்ல. “வழுக்கினா விட்டுக் குடுக்கணும். லாக் இருக்குன்னு நம்புறவங்க வழுக்கினாலும் ஆக்ஸிலரேட்டர அழுத்துவாங்க, இன்னொரு சக்கரம் இழுத்துடும்னு. உங்க வீட்டுக்காரர் அப்படி நம்பித்தான்...”

“நான் நம்பலை,” என்றார் ரைடர்.

எல்லோரும் திரும்பினார்கள். டீச்சரும்தான். அவள் போட்டுவைத்த கணக்கில் இந்த விடை இல்லை.

“முதல் வளைவுலயே தெரிஞ்சுபோச்சு. ஸ்விட்சு போட்டிருக்கேன், ஹேண்டில் சைக்கிள் மாதிரித் திரும்புது. இத்தனை வருஷம் ஓட்டினவனுக்குத் தெரியாதா? இவ பட்டை வேணாம்னு அனுப்பினதும் ஞாபகம் வந்துச்சு. புரிஞ்சுடுச்சு. சந்தேகம் வந்தா கையத் தூக்கிட்டு வண்டிய நிறுத்தணும், அதுதான் டெஸ்ட் சட்டம். புதுப் பசங்களுக்கு நான்தான் அதச் சொல்லிக் குடுக்கிறேன்.” அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். “ஆனா வலியே இல்ல மேடம். வலி இல்லாம ஒரே ஒரு சுத்து முழுசா ஓட்டிப் பார்க்கணும்னு ஆசையாயிடுச்சு. கரைகிட்ட வந்தப்ப வலது பக்கம் வழுக்குறதும் தெரிஞ்சுது. கை, பழைய பழக்கத்துல அழுத்திடுச்சு. முன்னாடி இழுக்கல, பின்னாடி தள்ளி வண்டி திரும்பிப் புரண்டுடுச்சு.”

“ஏங்க இத யார்கிட்டயும் சொல்லல?” மனைவியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“சொன்னா உன் பேரு வரும். வண்டிக் கோளாறுன்னு முடிஞ்சுடும்னு படுத்திருந்தேன்.”

“முடியலையே சார்,” என்றான் குண்டூசி. “உங்க தம்பி நான்தான் பண்ணேன்னு ஒத்துக்கிட்டார். சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போறார்.”

ரைடர் எழப் பார்த்தார். இடுப்பு விடவில்லை. வலியில் முகம் சுருங்க, மனைவியைப் பார்த்தார். “தம்பியா? வேலையா வெளியூர் போயிருக்கான்னு சொன்னியே?”

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “அவன் முந்திக்கிட்டு ஒத்துக்கிட்டான். நான் வாயத் திறக்கிறதுக்குள்ள. அப்புறம் திறக்க முடியல. திட்ட மட்டும்தான் முடிஞ்சுது. நல்லாத் திட்டினா நிஜமாவே அவன்தான் பண்ணான்னு ஆயிடும்போல இருந்துச்சு. பெட்டியக்கூட...”

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

“கம்பெனிக்கும் போலீசுக்கும் நான் உள்ளதைத்தான் சொல்லியாகணும்,” என்றாள் டீச்சர். அவள் குரலில் எப்போதும் இருக்கும் உற்சாகம் இப்போது இல்லை. கணக்கு சரியாக வந்தும் தாளை மூட மனம் வராதது போல் நின்றாள்.

“சொல்லுங்க,” என்றார் ரைடர். “கையத் தூக்காதவன் நான்தான்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க.” பிறகு மனைவியிடம், “நீ போய் அவனக் கூட்டிட்டு வா.”

“அவன் முகத்துல எப்படிங்க முழிப்பேன்?”

“என் முகத்துல முழிச்சிட்டு நிக்கிறேல்ல? அதே மாதிரிதான். போ.”

அவள் போனாள். கதவு திறந்தே கிடந்தது. நடைபாதையின் கோடிவரை தெரிந்தது. அவள் வருவதைப் பார்த்ததும் மெக்கானிக் படிக்கட்டிலிருந்து எழுந்து, ஒதுங்கி நின்றான். இன்னொரு வசவை வாங்கிக்கொள்ளத் தயாரானவன் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

“உள்ள வா. உங்கண்ணன் கூப்பிடறார்.”

“அந்த இன்சூரன்ஸ் மேடம் சொல்லிட்டாங்களா?”

“நானே சொல்லிட்டேன்.”

“ஐயோ, ஏன் அண்ணி சொன்னீங்க? நான்தான எதை உருவணும்னு காட்டினேன்? என் தப்புதான அது? நான் பார்த்துக்க மாட்டேனா?”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ட்ராலி தள்ளி வந்த நர்ஸ் இருவரையும் சுற்றிக்கொண்டு போனாள்.

“உன்னத் திட்ட வாயத் திறந்தப்பல்லாம் இதத்தான் சொல்ல வந்தேன்,” என்றாள். “சொல்ல வந்தது ஒண்ணு, வாயில வந்தது வேறயாப் போச்சு.”

“தெரியும் அண்ணி,” என்றான் மெக்கானிக். “அதனாலதான் நான் ஒருதடவகூடத் திருப்பிப் பேசல.”